பட்டினிக் கடலின் தரையில் ஒரு வெள்ளிக்கிழமை: திருமானூர், சிறுவாச்சூர், காரை

இந்த முறை நான் கோயிலுக்கு மட்டும் போகவில்லை. கடல் பார்க்கவும் போனேன். பெரம்பலூர் மாவட்டத்தில் கடல் ஏது என்று சிரிப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கடல் இருந்த இடம் இருக்கிறது. தண்ணீர்தான் போய்விட்டது.

போனது ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை. சிறுவாச்சூர் அம்மன் கோயிலைத் திங்களும் வெள்ளியும்தான் திறப்பார்கள், அது ஒரு காரணம். இன்னொரு காரணம், என் பேத்தி தேன்மொழி கப்பலிலிருந்து போன் செய்வது வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான்.

தேன்மொழியைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் மகள் வயிற்றுப் பேத்தி. மகளும் மருமகனும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனபோது அவளை மூன்று வயதில் என்னிடம் விட்டுப் போனார்கள். பொங்கலுக்கு வருவார்கள், போவார்கள். பிள்ளை என்னோடு திருமானூர் பக்கத்தில் கொள்ளிடக் கரையில் வளர்ந்தது. நான் ஐந்தாவது வரை படித்தவள். அவள் கடலில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பற்றிப் பெரிய படிப்புப் படிக்கிறாள். நான் கோயில் கோயிலாகப் போய்வந்து கதை சொல்வதைக் கேட்டு இந்தப் பக்கத்தைத் தொடங்கிக் கொடுத்ததும் அவள்தான். நான் சொல்வேன், அவள் தட்டுவாள். இப்போது போனைப் பார்த்து நானே பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. தப்பை விரலால் அழித்துத் திருத்துகிறேன். இன்னும் பிழை இருந்தால் போனைத் திட்டுங்கள்.

ஆனி மாதம் சென்னைக்கு இன்டர்வியூ என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். பச்சைச் சுடிதார், காதில் நான் வாங்கிக் கொடுத்த தோடு. இட்லிக்கு எள்ளுப்பொடி கேட்டாள், வறுத்து இடித்துக் கொடுத்தேன். அவள் சென்னைக்குப் போகவில்லை. கொச்சிக்குப் போய்க் கப்பல் ஏறிவிட்டாள். அவள் கப்பலில் நிற்கும் படம் கோடி வீட்டு ராணியின் போனில்தான் முதலில் வந்தது. "ஒங்களுக்குத் தெரியாதா பெரியம்மா?" என்று ராணி கேட்டாளே, அந்தக் கேள்வியை நான் மறக்கப் போவதில்லை. ராணியையும் மறக்கப் போவதில்லை.

அன்றிலிருந்து தேன்மொழியின் போனை நான் எடுக்கவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அடிக்கும். எதிரில் வைத்து, அது ஓயும் வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எடுக்காததால் குரலைப் பதிந்து அனுப்புவாள். அதைக் கேட்பேன். கேட்டுவிட்டேன் என்று அவளுக்கு நீலக் குறி போகுமாம். போகட்டும். கேட்பது வேறு, பேசுவது வேறு.

கடைசியாக வந்ததில் இப்படிச் சொல்லியிருந்தாள்: "அம்மாயி, இந்தக் கப்பல் கரைக்கு வருது. ஒடனே இன்னொண்ணு கெளம்புது. என் வேல பாதியில நிக்குது. அதுலயும் ஏறுனா தை வரைக்கும் வர முடியாது. வேணாம்னா இப்பவே வூட்டுக்கு வந்துடறேன், வேற பொண்ணு ஏறிக்கும். வர்ற வெள்ளிக்கெழம சாருகிட்டச் சொல்லியாவணும். நீ சொல்றதுதான். ஒரே ஒரு தடவ போன எடு." கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம். பிறகு, "நான் என்னத்தப் பாக்குறேன்னு தெரியணும்னா காரைக்குப் போயிட்டு வா. நம்ம பக்கத்துலயே கடல் இருக்கு."

வா என்பதா, இரு என்பதா? வா என்று சொன்னால் வந்துவிடுவாள். அது எனக்குத் தெரியும். அதனால்தான் பயமாக இருந்தது. ஒரு மாடு வாங்கப் போனால்கூடப் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பேச்சே. என்னை விட்டு எதற்காகப் போனாளோ அதைக் கண்ணால் பார்க்காமல் பதில் சொல்லக் கூடாது என்று கிளம்பினேன்.

திருமானூரில் காலை ஆறு மணி வாக்கில் அரியலூருக்கு டவுன் பஸ் வந்தது. பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கீழப்பழுவூர் வழியாக அரியலூர் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கும், ஒரு மணி நேரம் ஆகிறது. டிரைவருக்குப் பின்னால் இரண்டு பேர் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் பையை வைத்தேன். எப்போதும் அந்த இடம் தேன்மொழிக்கு. கண்டக்டர் பார்த்துவிட்டு, "ஆயா, பையிக்கும் சீட்டா?" என்றார். "நிக்கிற ஆளு யாரும் இல்லியே தம்பி" என்றேன். வயதான ஒருவர் ஏறியதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் கீழப்பழுவூரில் இறங்கினார். பையை மறுபடியும் வைத்தேன்.

கீழப்பழுவூர் தாண்டினால் சுண்ணாம்புக்கல் லாரிகள். ஒன்றன் பின் ஒன்றாக, வாலைப் பிடித்த யானைகள் மாதிரி. சாலையோரத்துப் புளியமரம் எல்லாம் வெள்ளை பூசி நிற்கும். ஜன்னலை மூடிக்கொள்ளுங்கள். அந்தக் கல்லே பழைய கடலில் இருந்ததுதான் என்று பேத்தி சொல்லியிருக்கிறாள். கிளிஞ்சலும் பொடி உயிர்களின் ஓடும் அடியில் படிந்து படிந்து கல்லாகி, இப்போது அதை வெட்டி சிமெண்டு செய்கிறார்கள். எங்கள் வீட்டுப் பின்கட்டுத் தளமும் அதுதான். இத்தனை வருடம் கடல் மேல்தான் பாத்திரம் துலக்கியிருக்கிறேன்.

காதில் மாட்டும் கருவியைப் போட்டு, ஆனியில் வந்த முதல் குரலை மறுபடி ஓடவிட்டேன். "அம்மாயி, இங்க கடல் ஒன் நீலப் பட்டுப்பொடவ மாதிரி இருக்கு. அவ்ளோ நீலம். ஆனா நீலமா இருந்தா அது பட்டினிக் கடல். கலங்கலா, பச்சையா இருக்குற எடத்துலதான் தீனி இருக்கும். இங்க மணிச்சத்தே கெடையாது. செத்ததெல்லாம் அடியில போயிடும், மணிச்சத்தும் அதோடயே போயிடும். மேல இருக்கறது பட்டினி கெடக்கும்."

மணிச்சத்து, உரக்கடையில் பாஸ்பரஸ் என்பார்கள், அதைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. டி.ஏ.பி. உரம் போடாத வயலில் நெல் குத்துக்குத்தாக அப்படியே நிற்கும், தூர் கட்டாது, கருத்துப் போகும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு உயிர் இருக்கிறது, பிழைக்கிறது, அதைத் தேடி என் பேத்தி போயிருக்கிறாள். விளையாத நிலத்துக்கு விரும்பிப் போகிற ஆளை நான் கண்டதில்லை.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இட்லி சாப்பிட்டேன். டீக்கடையில் போன மாசி மகத்துக்கு எனக்கு ஆறிப்போன டீயைக் கொடுத்தவன் அதே இடத்தில் நின்றான். எதிர்க் கடைக்குப் போனேன். அங்கிருந்து பெரம்பலூர் சுமார் முப்பது கிலோமீட்டர், முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். இது ரூட் பஸ், காசு உண்டு. என்னிடம் முப்பது ரூபாய் வாங்கினார்கள்.

வழியெல்லாம் மக்காச்சோளமும் பருத்தியும். மானாவாரி நிலம், மழை பார்த்துக் கிடக்கிறது. இரண்டாவது குரலைக் கேட்டுக்கொண்டு போனேன். தீனி இல்லாத கடலில் உயிர்கள் உடம்பைச் சின்னதாக்கிக்கொள்கின்றனவாம். சின்ன உடம்புக்கு உள்ளே இருப்பதைவிட மேல்தோல் அதிகம். தோல் வழியாகத்தான் தின்கின்றன, அதனால் சின்னது பிழைக்கும், பெரியது சாகும். இது எனக்கு உடனே பிடிபட்டது. பானகத்துக்கு வெல்லக் கட்டியை முழுதாகப் போட்டால் எவ்வளவு நேரம் கிடக்கும், பொடித்துப் போட்டால் எப்படிக் கரையும்? அதேதான்.

அடுத்தது இன்னும் கெட்டிக்காரத்தனம். எல்லா உயிருக்கும் தோல் கட்ட மணிச்சத்து வேண்டுமாம். இல்லாத இடத்தில் இவை கந்தகத்தை வைத்துத் தோல் கட்டிக்கொள்கின்றன. கடலில் கந்தகத்துக்குப் பஞ்சமில்லை. பிறகு, எந்த வேலையை எப்படிச் செய்வது என்று உடம்புக்குள் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கும் இல்லையா, அதை எழுதுவதற்கே மணிச்சத்து செலவாகும். அதனால் அவசரத்துக்கு உதவாத குறிப்பை எல்லாம் காலப்போக்கில் விட்டுவிடுகின்றன. அத்தியாவசியம் மட்டும் கையில்.

இதைக் கேட்டுக்கொண்டே பெரம்பலூர் வந்துவிட்டது. மனதுக்குள் அந்தப் பொடி உயிர்களுக்கு ஒரு மரியாதை கொடுத்திருந்தேன். மூன்றாவது குரல் அதைக் கெடுத்தது. "சிலது இருக்கு அம்மாயி, வெயில் பட்டா கடல் தண்ணியில ஒரு வெஷம் உண்டாவும், அத முறிக்கிற மருந்தையே அதுக்குச் செய்யத் தெரியாது. செய்யுற குறிப்பத் தொலச்சிடுச்சு. பக்கத்துல இருக்குற இன்னொரு உயிரு அந்த வெஷத்த முறிச்சிடும், இது அதோட நெழல்ல பொழச்சுக்கும்."

என் ஓரகத்தி நினைவுக்கு வந்துவிட்டாள். கூட்டுக் குடும்பத்தில் இருந்தவரை ஒருநாளும் அவள் ஆட்டுக்கல்லில் கை வைத்தவள் இல்லை. நான் ஆட்டிய மாவில் தோசை சுட்டுத் தின்றுவிட்டு, என் மகள் கல்யாணத்தில் உளுந்து பற்றவில்லை என்று பந்தியிலேயே சொன்னாள். கடலிலும் இவள் இருக்கிறாளா என்று கருவியைக் காதிலிருந்து பிடுங்கிப் பையில் போட்டேன்.

பெரம்பலூரிலிருந்து திருச்சி போகும் சாலையில் சிறுவாச்சூர் எட்டு கிலோமீட்டருக்குள். எல்லா பஸ்ஸும் நிற்காது, ஏறுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்கெல்லாம் கோயிலில் நல்ல கூட்டம். இங்கே மாவிளக்குப் போடுவது விசேஷம். வீட்டிலிருந்து மாவாகக் கொண்டுவருவதில்லை. அரிசியாகக் கொண்டுவந்து அங்கேயே நனைத்து, அங்கேயே உரலில் இடித்துச் சலித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து விளக்குப் பிடிக்க வேண்டும். உரலும் உலக்கையும் அங்கே இருக்கின்றன. மற்றது உங்கள் பாடு.

அரிசியைக் கழுவி நனைத்து, துணியில் வடியவிட்டுப் பையைப் பிரித்தேன். வெல்லம் இருக்கிறது. நெய் இருக்கிறது. திரி, ஏலக்காய், தட்டு இருக்கின்றன. சல்லடை இல்லை.

பையைத் தலைகீழாகக் கொட்டியும் பார்த்துவிட்டேன். இல்லை. மறந்தேன் என்றும் சொல்ல முடியாது. எடுத்து வைக்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. அரிசி நான், சல்லடை அவள். யாரும் சொல்லிப் பிரித்துக்கொண்ட வேலை இல்லை. அவளுக்குப் பத்து வயதிலிருந்து அப்படியே நடந்துவிட்டது. ஊசியில் நூல் கோப்பது அவள். கண்ணுக்கு மருந்து விடுவது அவள். காஸ் தீர்ந்தால் போனில் பதிவது அவள். இவற்றை எல்லாம் ஒரு காலத்தில் நானே செய்தேனா, செய்தால் எப்படிச் செய்தேன் என்று அந்த உரலடியில் நின்று யோசித்தேன். யாருக்கு என்றைக்கு என்ன புடவை எடுத்தேன் என்று கேளுங்கள், சொல்வேன். இது வரவில்லை.

பக்கத்து உரலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். செந்துறைக்காரி. அவள் மடியில் சல்லடை இருந்தது.

"ஏம்மா, அந்தச் சல்லடயக் கொஞ்சம் குடுப்பியா?"

"எடுத்துக்குங்க பெரியம்மா. ஆனா எனக்கு ஒத்தையா ஒலக்க போட முடியல, தோள்பட்ட வலி. மருமவ வரேன்னுதான் சொன்னா. கெளம்புற நேரத்துல தலவலின்னுட்டா."

"தலவலியா, ஒன்னப் பாத்து வந்த வலியா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ரெண்டும் சேந்துதான்."

இருவர் அரிசியையும் ஒரே உரலில் போட்டோம். மாற்று உலக்கை போட்டு இடித்தோம். ஒருத்தி தூக்கும்போது ஒருத்தி இறக்க வேண்டும், தாளம் தப்பினால் உலக்கையும் உலக்கையும் மோதும். முதலில் மோதிக்கொண்டே இருந்தது.

"இந்த வேகத்துல இடிச்சா மாவு ஆவாது பெரியம்மா, ஒரலு பொடியாயிடும். யாரு மேல கோவம்?"

"கப்பல்ல ஒருத்தி இருக்கா."

"அவ்ளோ தூரத்துல இருக்கறவளுக்கா இந்த இடி? பக்கத்துல இருக்கறது நானு, பாத்துப் போடுங்க."

பிறகு தாளம் கிடைத்துவிட்டது. அவள் சலித்தாள், கப்பியை நான் மறுபடி உரலில் போட்டேன். மாவைப் பங்கு பிரித்து ஆளுக்கொரு விளக்குப் பிடித்தோம். அவள் வெல்லம் கருப்பாக இருந்தது, என்னுடையதில் கொஞ்சம் உடைத்துக் கொடுத்தேன். விளக்கை ஏற்றி அம்மன் முன்னால் வைத்தேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. பிள்ளையை வரவைத்துவிடு என்று வாய்வரை வந்தது. சொல்லாமல் விட்டேன். கும்பிட்டுத் திரும்பினால் செந்துறைக்காரி கூட்டத்தில் போயிருந்தாள்.

சிறுவாச்சூரிலிருந்து காரைக்குச் சுமார் பதினைந்து கிலோமீட்டர். பஸ் எப்போதோ ஒன்று. ஆட்டோ வைத்துக்கொண்டேன். போய், காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட எண்ணூறு கேட்டவர் அறுநூறுக்கு வந்தார். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் வழியில் சாத்தனூர் கல்மரத்தையும் பாருங்கள், மரமே கல்லாகிப் படுத்திருக்கிறது. எனக்கு மரம் பார்க்கும் மனது இல்லை.

சாலை முடிந்த இடத்தில் ஆட்டோ நின்றது. இறங்கி ஒரு மேட்டில் ஏறினேன். அதன் பிறகு எதிரில் எதுவும் இல்லை. வயல், வேலி, வீடு எதுவும் கிடையாது. சாம்பலும் மஞ்சளும் செங்கலுமாக மண் மடிப்பு மடிப்பாகக் கண்ணுக்கு எட்டியவரை போகிறது. மழைத்தண்ணீர் அரித்து அரித்து அத்தனை மடிப்பு. அங்கங்கே ஒரு சீமைக்கருவேலம். ஆடு மேய்ந்த தடம் இருக்கிறது, ஆடு இல்லை. காற்று மட்டும் ஒரே பக்கமிருந்து வருகிறது. அலை இல்லாத கடல் என்று சொன்னால் நீங்கள் நம்பலாம்.

கீழே குனிந்தால் மண்ணெல்லாம் மினுக்குகிறது. கண்ணாடித் துண்டு என்று நினைத்துக் காலைப் பின்னால் இழுத்தேன்.

"ஜிப்சம் ஆயா, குத்தாது" என்றார் ஆட்டோக்காரர். துப்பாக்கிக் குண்டு மாதிரி ஒரு நீளக் கல்லைக் காலால் உருட்டிக் காட்டினார். "இந்தா பாருங்க, இது டைனோசர் பல்லு."

"பல்லா? இத்தினியூண்டு பல்ல வச்சுக்கிட்டு அது எதத் தின்னுச்சாம்? இது கணவா மாதிரி ஒரு உசுரோட உள்ளெலும்பு."

"யாரு சொன்னா?"

"எம் பேத்தி."

"நான் வர்றவங்க எல்லாருகிட்டயும் பல்லுன்னுதான் சொல்லிக்கிட்டிருக்கேன். எலும்புன்னா எவனும் எறங்க மாட்டான் ஆயா."

அவர் ஆட்டோ நிழலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். நான் மேட்டில் முந்தானையைத் தலையில் போட்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் தோன்றியது. ஜிப்சம் எங்கள் ஊரில் நிலக்கடலைக்குப் போட்டு மண் அணைப்பார்களே, அதில் கந்தகம் இருக்கிறது என்று உரக்கடையில் சொல்வார்கள். இந்த மண்ணில் மணிச்சத்து உருண்டைகளும் கிடக்கின்றன என்று தேன்மொழி சொல்லியிருக்கிறாள். பார்க்க வெறும் கூழாங்கல் மாதிரிதான் இருக்குமாம். எது எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ஆனால் கணக்குப் புரிந்தது. மேலே இருந்தவை மணிச்சத்து இல்லாமல் சுருங்கிச் சுருங்கிப் பிழைத்தன. அவற்றுக்குக் கிடைக்காமல் போனது எல்லாம் கீழே, நான் உட்கார்ந்த இடத்தில் வந்து தங்கியிருக்கிறது. நான் உட்கார்ந்திருந்தது பட்டினிக் கடலின் தரையில்.

அவ்வளவு பெரிய வெறுமையில் நான் இதுவரை தனியாக உட்கார்ந்ததில்லை. வீட்டில் தனியாக இருப்பது வேறு மாதிரி. அங்கே சுவர் இருக்கும், பாத்திரம் இருக்கும், ராணி வீட்டு டி.வி. கத்தும். இங்கே என் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. பிள்ளை கப்பல் மேல்தளத்தில் நின்றாலும் இப்படித்தானே இருக்கும், சுற்றிலும் எதுவும் இல்லாமல், அதுவும் நீலமாக.

கருவியை எடுத்து மாட்டி, பெரம்பலூரில் கோபத்தில் நிறுத்திய மூன்றாவது குரலின் மீதியை ஓடவிட்டேன். இதை நான் முன்னாலும் கேட்டவள்தான். ஆனால் அப்போதெல்லாம் என் நினைப்பு ஓரகத்தி மேல்தான் இருந்திருக்கிறது.

"அத மட்டும் தனியாப் பிரிச்சுக் குடுவையில வச்சோம் அம்மாயி. வளரல. தீனியெல்லாம் குடுத்துப் பாத்தாச்சு. ரெண்டு தடவ செத்துப் போச்சு. அது சோம்பேறி இல்ல. பக்கத்துல ஒண்ணு இருக்கும்னு நம்பித்தான் அந்தக் குறிப்ப விட்டிருக்கு. தனியா எடுத்து வச்சது எங்க தப்பு."

மணி மூன்றைத் தாண்டியதும் போனைப் பார்த்தேன். டவர் இல்லை. இதை நான் யோசிக்கவே இல்லை. வாரா வாரம் வீட்டில் முழு டவரோடு அடித்த போனை எடுக்காமல் இருந்தேன். எடுக்கலாம் என்று வந்த இடத்தில் ஒரு கோடுகூட இல்லை. ஆட்டோக்காரரை எழுப்பினேன்.

"தம்பி, இங்க டவர் எங்க கெடைக்கும்?"

"அந்த ஒசந்த மேடு தெரியுதுல்ல, அதுல ஏறுனா ஒரு கோடு வரும். நீங்க ஏற மாட்டீங்க ஆயா."

"கையக் குடு, அப்பறம் பேசு."

சரளை மண், காலை வைத்தால் வழுக்குகிறது. அவர் கையைப் பிடித்து முன்னால் இழுக்க, நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். உச்சியில் ஒரு கோடு வந்தது, போனது, வந்தது. அவர் கொஞ்சம் கீழே இறங்கி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நல்ல பிள்ளை.

போன் அடித்தது. எடுத்தேன்.

"அம்மாயி?" என்றாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "எடுத்துட்டியா? அம்மாயி, நெசமாவே எடுத்துட்டியா?"

"மாவு சல்லடய எங்கடி வச்ச?" என்றேன்.

சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத ஒரு சத்தம். "பரண் மேல. பித்தளத் தவலைக்குள்ள."

"தவலைக்குள்ள வச்சா நான் எப்புடிடி எடுப்பேன்?"

"நான்தான எடுப்பேன்" என்றாள். காற்று அவள் பக்கமும் என் பக்கமும் அடித்தது.

"நான் வந்துடட்டா அம்மாயி? சார் கேக்குறாரு."

"அங்க ஒனக்குப் பக்கத்துல யாரு இருக்கா?"

"மலையாளத்துப் பொண்ணு ஒருத்தி. மொத வாரம் கப்பல் ஆட்டத்துல எந்திரிக்கவே முடியல. அவதான் தலையப் புடிச்சுக்கிட்டு, கஞ்சி ஊத்துனா."

"நல்லவளா?"

"ம். கொறட்ட விடுவா."

"குடுவையில வச்சியே, அது இப்ப என்ன ஆச்சு?"

நான் அதைக் கேட்பேன் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள். "இந்தத் தடவ பக்கத்துல அந்த இன்னொண்ணயும் சேத்து வச்சிருக்கோம். வளருதா இல்லையான்னு இன்னும் தெரியல. அதுக்குத்தான் அடுத்த கப்பல்."

வா என்று சொல்லிவிடலாம். ஒரே எழுத்து. சொன்னால் வந்துவிடுவாள், சல்லடையை எடுத்துக் கொடுப்பாள், கண்ணுக்கு மருந்து விடுவாள். என் வாய்க்குள் அந்த எழுத்து வந்து நின்றது.

"தெரிஞ்சுக்கிட்டு வா" என்றேன்.

"அம்மாயி..."

"தைக்கு வர்றப்ப பொய் சொல்லாம வா. எங்கேருந்து வர்றியோ அந்த ஊரு பேரச் சொல்லிட்டு வா."

அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். கோடு போய்விட்டது. ரொம்ப நேரம் நின்றேன், திரும்ப வரவில்லை. ஆட்டோக்காரர் கையைப் பிடித்து இறக்கினார், எதுவும் கேட்கவில்லை. சிறுவாச்சூரில் இறக்கிவிடும்போது மட்டும், "கணவா உள்ளெலும்புன்னீங்கல்ல ஆயா, அத இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார். சொன்னேன்.

திரும்பும்போது அரியலூரில் இருட்டிவிட்டது. திருமானூர் பஸ்ஸில் நல்ல கூட்டம், பையை மடியில்தான் வைக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்த பெண் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். யாரென்று தெரியாது. கீழப்பழுவூர் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: திங்களோ வெள்ளியோ போனால்தான் கோயிலும் காரையும் ஒரே நாளில் முடியும். காரையில் கடை இல்லை, நிழல் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை, எல்லாம் கையோடு வேண்டும். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், களிமண் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள், அடுத்தவர்களும் பார்க்க வேண்டும். போன் வரும் என்று காத்திருப்பவர்கள் முதலிலேயே உயரமான மேட்டைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகலாமா என்று கேட்டால், போகலாம், நான் போய்விட்டு வந்தேன். ஆனால் உரலடியில் யாராவது சேர்ந்து இடித்தால் அவர் பெயரைக் கேட்டு வையுங்கள். நான் கேட்கவில்லை. செந்துறையில் தோள்பட்டை வலியும் தலைவலிக்கார மருமகளும் இருக்கும் அம்மா இதைப் படித்தால் ஒரு வரி எழுதட்டும். கார்த்திகையில் மறுபடி போகலாம் என்று இருக்கிறேன்.

தேன்மொழி சொல்லாமல் போனதற்கான கோபம் அப்படியேதான் இருக்கிறது. அது வேறு கணக்கு. போனை மட்டும் எடுக்கிறேன்.

மறுநாள் காலையில் முக்காலி போட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நானே பரணில் கைவிட்டுப் பார்த்தேன். சல்லடை தவலைக்குள்தான் இருந்தது. போன தடவை இடித்த மாவு கண்ணுக்குக் கண் ஒட்டிக் காய்ந்து கிடக்கிறது. கழுவாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். தையில் வரட்டும், கேட்கிறேன்.